ஆறாத என்ஜின்

பெரிய மேஸ்திரி விடிவதற்கு முன்பே வந்து பட்டறையின் ஷட்டரைத் தூக்கிவிட்டார். போன வாரம் மகள் பட்டறை நடுவில் நின்று அத்தனை ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்ன வார்த்தை இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"புதன்கிழமை புகை சோதனையில பாஸானா இன்னும் மூணு வருஷம் இந்த வண்டியை விக்கலாம். ஃபெயிலானா வியாழக்கிழமை ஷட்டரைத் தூக்க வேண்டிய வேலையே இல்ல."

இன்றைக்குப் புதன்கிழமை.

அந்த வண்டிக்குப் பட்டறையில் வைத்த செல்லப் பெயர் சுண்டெலி. பின்கதவைத் தூக்கிச் சாமான் வைக்கிற சின்ன ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வரும்போது சாதுவாகத்தான் வரும். மேஸ்திரியின் ஆட்கள் அதன் வயிற்றைப் பிரித்து, டர்போ வைத்து, பிரேக்கை மாற்றி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி வெளியே விட்டால், அதைவிட மூன்று மடங்கு பெரிய கார்க்காரன் எல்லாம் கண்ணாடியில் பார்த்து ஒதுங்குவான்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட வண்டியைப் பெரிய கம்பெனிகளே செய்து விற்றுக்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொருவனாகக் கையைக் கழுவிவிட்டான். ஒரு கம்பெனி விற்கிற மொத்த வண்டிகளும் சேர்த்து இவ்வளவு புகைதான் விடலாம் என்று சட்டம். வேகமான குட்டிக் கார் ஒன்றை விற்றால் அதைச் சரிக்கட்டப் பேட்டரி கார் நாலைந்து விற்றாக வேண்டும். எவன் செய்வான்? அதனால்தான் ஆசைப்பட்டவர்கள் மேஸ்திரியைப் போன்ற சின்னப் பட்டறைகளைத் தேடி வந்தார்கள். இப்போது சட்டமும் முகவரி விசாரித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது. வியாழனிலிருந்து அளவு பாதியாகக் குறைகிறது. அதற்கு முன்னால் பழைய அளவில் பாஸான வண்டிக்கு மட்டும் மூன்று வருஷம் சலுகை. புது அளவுக்குள் வரவேண்டுமானால் பேட்டரியும் மோட்டாரும் சேர்த்து வைக்க வேண்டும். வைத்தால் சுண்டெலி பெருச்சாளியாகிவிடும்.

"லாரிக்காரன் விடுற புகை இவனுங்க கண்ணுல படாதா?" என்று மேஸ்திரி தினம் ஒரு தடவையாவது கேட்பார்.

"லாரியை நாம செய்யலைப்பா," என்பாள் மகள்.

அவள் அப்படித்தான். படித்துவிட்டு வந்து லேப்டாப்பை வண்டியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், இரண்டு வருஷமாக ஒரே ஒரு நிமிஷத்தோடு மல்லுக்கு நிற்கிறாள். வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் நிமிஷம். புகைக்குழாயில் கேட்டலிஸ்ட் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. சூடானால்தான் அது வேலை செய்யும். அது சூடாவதற்குள் வருகிற விஷம்தான் மொத்தச் சோதனையையும் கெடுக்கும். அதனால் என்ஜின் எழுந்ததும் எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் பொறி, எத்தனை நொடி என்று அவள் அணு அணுவாக மாற்றிக்கொண்டே இருந்தாள். நூறைத் தாண்டினால் ஃபெயில். ஒத்திகை பார்த்தபோது ஒரு நாள் தொண்ணூற்றெட்டு வந்தது. மறுநாள் நூற்று மூன்று. அப்புறம் ஒரு தடவை தொண்ணூற்றொன்பது. கத்தி முனையில் நடக்கிற கதைதான்.

நேற்று மாலை அவளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னறையில் ஏசி போட்டு நிறுத்தினாள். "இனி இது தூங்கட்டும். யாரும் தொடக்கூடாது. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிற என்ஜினைத்தான் அவங்க சோதிப்பாங்க," என்று எல்லோரிடமும் சொன்னாள். மேஸ்திரியும் அங்கேதான் நின்றார். தலையைக்கூட ஆட்டினார்.

சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. கைக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

---

அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்பது மணிக்கு மேஸ்திரி பின்னறைக்குள் போனார். வண்டியைத் துடைக்கலாம் என்றுதான் போனார். கண்ணாடியைத் துடைத்தார். பானட்டைத் துடைத்தார். பெரிய மனுஷன் வருகிறான், வண்டி அழகாக நிற்க வேண்டாமா?

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர்ந்த என்ஜினை யார் கையிலும் கொடுக்க மாட்டார். வாடிக்கையாளர் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி, ஆயில் எல்லா இண்டு இடுக்கிலும் போய்ச் சேர்ந்து, சத்தம் ஒரு சீராக வந்த பிறகுதான் சாவியை நீட்டுவார். ஆத்திரக்காரப் பையன் எவனாவது ஆறிய என்ஜினை முறுக்கினால் அவன் காதைத் திருகிவிடுவார். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் சூடேத்தி. அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைதான்.

துடைத்து முடித்ததும் அவர் கை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தது. உட்கார்ந்தார். திருகினார். சுண்டெலி ஒரு தடவை தும்மிவிட்டு எழுந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே ஓடவிட்டார். பிறகு பின்பக்க மைதானத்தில் மெதுவாக நாலு சுற்று சுற்றி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். என்ன சத்தம்! ஒரு பிசிறு இல்லை.

வாசலில் ஏதோ விழுந்த சத்தம். மகளின் கைப்பை.

"அப்பா... யாருப்பா ஸ்டார்ட் பண்ணது?"

"யாரு பண்ணுவா? நான்தான். கேளு, எப்படிப் பேசுது பாரு. இன்னிக்கு வர்றவன் அசந்து..."

வாக்கியம் முடியவில்லை. அவள் ஓடி வந்து சாவியைத் திருகி அணைத்தாள். பானட்டின் மேல் கையை வைத்தாள். சுட்டது போல் எடுத்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மேஸ்திரிக்கு உறைத்தது.

"ஏம்மா... ஐயோ... நான்... கைம்மா, கை தானா போயிடுச்சு..."

"ரெண்டு வருஷம்ப்பா," என்றாள் அவள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

---

மாப்பிள்ளை உள்ளே வந்தபோது மாமனார் இரண்டு பெரிய மின்விசிறிகளை வண்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, நனைத்த சாக்கை என்ஜின் மேல் போடலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைதான் பட்டறையின் ஓட்டுநர், விற்பனைக்காரர், வாய் எல்லாம். எந்த வாடிக்கையாளர் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் அவர் நாக்கு நுனியில் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா இது! பச்சைக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாளே நேத்து!"

"அவரை எதுவும் சொல்லாதீங்க," என்றாள் மகள். "நடந்தது நடந்துடுச்சு. அதிகாரி வந்ததும் உள்ளதைச் சொல்லிடலாம். தெரியாம ஸ்டார்ட் பண்ணிட்டோம், என்ன செய்யலாம்னு கேப்போம்."

மேஸ்திரி சாக்கைக் கீழே போட்டார்.

"அதிகாரிகிட்டயா? உள்ளதையா? ஏம்மா, உனக்கு அவனுங்களைத் தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் உண்மை சொன்னேன். பெயிண்ட் ரூம்ல காத்தாடி ரிப்பேர் சார், ரெண்டு நாள்ல மாத்திடுறேன்னேன். கேட்டுக்கிட்டான். சிரிச்சான். வெளியே போயி சீல் வச்சிட்டுப் போயிட்டான். ஒண்ணரை மாசம் பட்டறை பூட்டிக் கிடந்துச்சு. அவனுங்ககிட்ட வாயைத் திறக்கிறதும் ஒண்ணு, கழுத்தை நீட்டுறதும் ஒண்ணு."

"எல்லாரும் அப்படி இல்லப்பா."

"எல்லாரும் அப்படித்தான். இன்னிக்குக் கடைசி நாள். சோதனை ரத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான்னா எங்கே போயி முட்டிக்குவோம்?"

மகள் கீழே கிடந்த சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மாப்பிள்ளை பானட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது.

"மாமா, அந்தாளு வந்ததும் என்ன செய்வான்? தெர்மாமீட்டரை எங்கே விடுவான்?"

"ஆயில்ல. அளவு பாக்குற டிப்ஸ்டிக் குழாய் வழியா."

"ஆயிலோட சூடும் ரூமோட சூடும் ஒண்ணா இருந்தா என்ஜின் தூங்கியிருக்குன்னு ஒத்துக்குவான். அவ்வளவுதானே? அப்ப ஆயிலை மாத்திட்டா?"

மாப்பிள்ளை மூலையில் இருந்த ஆயில் டின்களைக் காட்டினார்.

"புது ஆயில் இந்த ஏசி ரூம்லயேதான் இருக்கு. பழசை இறக்கிட்டு இதை ஊத்துவோம். சூடு ஏறுச்சுன்னா அதையும் இறக்கிட்டு இன்னொண்ணு ஊத்துவோம். ரேடியேட்டர் தண்ணியும் அதே மாதிரி."

"கேட்டலிஸ்ட்டை என்ன பண்ணுவீங்க?" என்றாள் மகள்.

"அதை யாரு தொட்டுப் பாக்கப் போறா?"

"தொட்டுப் பாக்க மாட்டாங்க. ஆனா அது சூடாவே இருக்கும். சீக்கிரம் சூடாகணும், சூடு போகக்கூடாதுன்னு நான்தான் அதைச் சுத்தி அந்தத் துணியைக் கட்டி வச்சிருக்கேன். ஃப்ளாஸ்க் மாதிரி. மத்தியானம் வரைக்கும் உள்ள கதகதன்னுதான் இருக்கும்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சே! கண்ணை மூடிக்கிட்டு பாஸாயிடுமே!"

அவள் தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த ஆள்தானா என்று சரிபார்க்கிற பார்வை.

"அதுக்குப் பேரு திருட்டுத்தனம்ங்க."

"பேரை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல பட்டறை இருக்கட்டும்."

மேஸ்திரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடி வழியாக முன்பக்கம் பார்த்தாள். அங்கே ஆட்கள் ஒருத்தரும் வேலை செய்யவில்லை. வெல்டர் முகமூடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பெயிண்ட் அடிக்கிற அம்மாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள், தன்னைத்தான் சோதிக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி. சீட் தைக்கிறவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறையும் இவர்களைக் கூப்பிடப் போவதில்லை. மற்ற பட்டறைகள் பாதி ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது.

"செய்யுங்க," என்றாள். "நான் இங்க நிக்க மாட்டேன்."

வெளியே போய்விட்டாள்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். அவரே நட்டைக் கழற்றினார், அவரே ஆயிலை இறக்கினார். மேஸ்திரி புது ஆயிலை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். முதல் ஆயில் உள்ளே போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டது. அதையும் இறக்கினார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆயிலில் சூடு ஏறவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் எத்தனை தடவை மாறியது என்று யாரும் எண்ணவில்லை. தரையைத் துடைத்தார்கள். மின்விசிறிகளைத் தூக்கி மூலையில் வைத்தார்கள். நாற்பது வருஷமாக எத்தனையோ என்ஜினைச் சூடேற்றிய மனுஷன், ஒரு என்ஜினைக் குளிர வைக்க இவ்வளவு வியர்வை சிந்துவார் என்று யார் கண்டது!

---

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான ஆள். தன் தண்ணீர் பாட்டிலைத் தானே கொண்டுவந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டதற்கு நன்றி சொன்னார். நன்றி சொல்கிற அதிகாரியை மேஸ்திரி ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதனாலேயே இன்னும் சந்தேகம் வந்தது.

'சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிற ரகம் போல,' என்று நினைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலத்திலேருந்து என்ஜினை யாரும் ஸ்டார்ட் பண்ணலையே?" அதிகாரி மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொடவே இல்ல சார்," என்றார் மாப்பிள்ளை. "ரூமைப் பூட்டிச் சாவியை நானே வச்சிருந்தேன். தூசிகூட உக்காரலை."

தெர்மாமீட்டர் குழாய்க்குள் இறங்கியது. மேஸ்திரிக்கு அந்த ஊசி தன் தொண்டைக்குள்ளேயே இறங்குகிற மாதிரி இருந்தது. அதிகாரி பார்த்தார். அறையின் சூட்டைப் பார்த்தார். தலையசைத்தார்.

"சரியா இருக்கு. ஏத்துங்க."

நாலு பேருமாக வண்டியை என்ஜின் போடாமல் தள்ளி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிற ரோலர் மேல் ஏற்றினார்கள். அதிகாரி தன் பெட்டியிலிருந்து குழாயை எடுத்துப் புகைக்குழாயில் மாட்டினார். மாப்பிள்ளை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். எதிரே திரையில் ஒரு கோடு ஓடும். எப்போது வேகம் கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்று அது சொல்லும். அதன்படி ஓட்ட வேண்டும். அதில் மாப்பிள்ளையை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஸ்டார்ட்."

சுண்டெலி எழுந்தது. தும்மவில்லை.

அதிகாரியின் பெட்டியில் இன்னொரு கோடு. அது விஷத்தின் கணக்கு. ஒத்திகைகளில் எல்லாம் முதல் நிமிஷத்தில் அந்தக் கோடு சுவர் ஏறுகிற பல்லி மாதிரி விறுவிறுவென்று மேலே போகும். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு அது தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. முதல் நிமிஷம் போய்விட்டது. வேகம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. ரோலர் உறுமியது. கோடு எழுந்திருக்கவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். வெல்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மேஸ்திரிக்கும் ஒரு கணம் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தப்பித்தோமடா சாமி என்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நின்றது. மாப்பிள்ளை இறங்கி, பழைய துணி ஒன்றை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதிகாரி எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அறுபத்தொண்ணு! இந்த மாதிரி வண்டியில நான் அறுபத்தொண்ணு பார்த்ததே இல்லம்மா. யாரு செட்டிங் பண்ணது? நீங்களா?"

"ஆமா சார், என் பொண்ணுதான்," என்றார் மேஸ்திரி. வாய் முந்திக்கொண்டது.

"பெரிய கம்பெனிக்காரங்க முடியாதுன்னு கைவிட்டதை நீங்க செஞ்சிருக்கீங்க. இந்த நம்பரை அனுப்பினதும் எங்க ஆபீஸ்லேருந்தே உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, எப்படிச் செஞ்சீங்கன்னு."

மகள் அப்பாவின் அருகில் வந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அது என் நம்பர் இல்லப்பா."

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் தொண்ணூற்றெட்டுக்கும் நூற்று மூன்றுக்கும் நடுவில் கிடந்து செத்தவள். அந்தத் தொண்ணூற்றெட்டு அவளுடையது. இந்த அறுபத்தொன்றை யாரோ அவள் மடியில் போட்டுவிட்டுப் போன மாதிரி நின்றாள். நாளைக்கு எவனாவது கேட்டால் என்ன சொல்வாள்? எங்கப்பாவுக்குக் கை சும்மா இருக்காது சார் என்றா?

அதிகாரி முடிவை ஆபீசுக்கு அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தார். நல்ல எண் பார்த்த சந்தோஷத்தில் பேச்சு வந்தது அவருக்கு.

"போன வாரம் ஒரு இடத்துக்குப் போனேன். பாவம், அங்க ஒருத்தன் காலைல தெரியாம வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான். வாசல்லயே வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான். அதனால என்னப்பா, ஆறு மணி நேரம் தூங்க விடு, சாயங்காலம் வந்து பாக்கறேன்னு போயிட்டேன். ரூல்ல அதுக்கு இடம் இருக்கு. ஆபீஸ் மூடறதுக்குள்ள அனுப்பினாப் போதும். இன்னிக்குக்கூட எனக்கு உங்களைத் தவிர வேற வண்டி கிடையாது, நாள் பூரா சும்மாதான்."

மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு மணி நேரம். ஒன்பதரைக்குள் மகள் என்ஜினை அணைத்துவிட்டாள். இந்த ஆளிடம் வாசலில் வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு மணிக்கு மகளின் சொந்த எண்ணோடு சோதனை நடந்திருக்கும். தொண்ணூற்றெட்டோ, நூற்று மூன்றோ. ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவளுடையது. அந்த ஒரு வார்த்தையை அவளும் சொல்லத்தான் சொன்னாள். வேண்டாம் என்று அவள் வாயை அடைத்தது யார்?

"அனுப்பிடவா?" அதிகாரியின் விரல் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது.

மகள் நிமிர்ந்தாள். அவள் பேசப்போகிறாள் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது. அவளைப் பேச விடக்கூடாது என்பதும் தெரிந்தது.

"சார், அனுப்பாதீங்க," என்றார். தன் குரல் மாதிரியே இல்லை அது. "காலைல நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணேன். இவளுக்குத் தெரியாது. பழக்க தோஷம் சார். வேணும்னு பண்ணலை."

விரல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை, அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"இதை நான் வந்ததும் சொல்லியிருக்கலாமே பெரியவரே."

"சொல்லியிருக்கலாம் சார்."

"இப்ப முழுச் சோதனையும் ஓடி முடிஞ்சிடுச்சு. என்ஜின் கொதிக்குது. இப்போலேருந்து ஆறு மணி நேரம்னா..." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்."

"ஒரு மணி நேரம் சார்... ஒரு ஒண்ணரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்ல முடியாதா? நீங்க ஒரு போன் போட்டுப் பேசினா..." மேஸ்திரி கும்பிடப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அதிகாரியிடம் கெஞ்சுகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "பதினாலு குடும்பம் சார்."

"கேட்டுப் பாக்கலாம். எங்க மேலதிகாரி மனசு வச்சா நடக்கும். தெரியாம ஸ்டார்ட் பண்ணதுக்காக யாரையும் நான் தூக்குல போட மாட்டேன்." அதிகாரி எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போனார். பானட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயில் தேன் மாதிரி, ஒரு துளி அழுக்கில்லாமல் மின்னியது. "ஆனா போன்ல அவரு என்கிட்ட ஒண்ணு கேப்பாரு. காலைல ஓடின என்ஜின்ல தெர்மாமீட்டர் எப்படி ரூம் சூட்டைக் காட்டுச்சுன்னு. அதுக்கு நான் பதில் சொல்லணும்."

அவர் டிப்ஸ்டிக்கைத் திரும்பச் செருகினார்.

"சூடேத்தினது கை தவறி. ஒத்துக்கறேன். ஆயிலை மாத்தினது கை தவறி இல்ல. அதை யாரு செஞ்சது?"

"நான்தான் சார்," என்றார் மேஸ்திரி.

"நான்தான்," என்றாள் மகள், அதே மூச்சில்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாவது ஆளைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிற மாப்பிள்ளை, எப்போதோ சுத்தமாகிவிட்ட கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, மைதானத்தைப் பார்த்தபடி நின்றார்.